குவைத்தில் பல்வலி, முத்துப்பேட்டையில் வைத்தியம்

போன வருடம் சம்பா நடவு நேரம். நாங்கள் முத்துப்பேட்டை. என் கணவர் குவைத்தில் டிரைவர். சபர் என்று வெளிநாடு போய் அப்போதே மூன்று வருடம் ஆகியிருந்தது. தினமும் மதிய ஓய்வில் வீடியோ காலில் வருவார்.

ஒரு நாள் வீங்கிய கன்னத்தோடு வந்தார். கோணலாக முளைத்த ஞானப்பல்லைக் காலையில்தான் எடுத்தார்களாம். என்னென்ன செய்யக் கூடாது என்று அங்கே ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதை அவரைப் படிக்க விட்டேனா நான்? தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் வைத்தியம் சொல்கிற வாய் என்னுடையது.

"மச்சான், சுடச்சுட உப்புத் தண்ணி வச்சு நல்லா கொப்பளிச்சுத் துப்புங்க. கெட்ட ரத்தமெல்லாம் வெளிய போவட்டும்" என்றேன். மணிக்கொரு தரம் செய்யச் சொன்னேன். மனுஷன் என் பேச்சைத் தட்டியதே இல்லை. அப்படியே செய்திருக்கிறார்.

மூன்றாம் நாள் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. வலி காது வரைக்கும் இழுக்கிறது, கஞ்சிகூட இறங்கவில்லை என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. அந்த வலியோடு வண்டியும் ஓட்டுகிறாராம். புர்காவை மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் பல் டாக்டரிடம் ஓடினேன். சின்ன வயதுப் பெண்.

"வாங்கம்மா, எந்தப் பல்லு வலிக்குது?"

"எனக்கில்லைங்க, எங்க வீட்டுக்காரருக்கு."

"அவங்களைக் கூட்டிட்டு வரலையா?"

"அவங்க குவைத்துல இருக்காங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் நான் சொன்ன வைத்தியத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நட்ட நாத்து பச்சை பிடிக்கிறதுக்குள்ள மடையத் தொறந்து விட்டா என்னம்மா ஆகும்? மெதந்துடும்ல? பல்லு எடுத்த குழியில உறையுற ரத்தமும் அப்படித்தான். அதைப் பிடிச்சுக்கிட்டுதான் எலும்பும் ஈறும் வளரணும். முதல் நாள் கொப்பளிக்கவே கூடாது. மறுநாள்லேருந்து வெதுவெதுன்னு வச்சு, மெதுவா வழிய விட்டாப் போதும். நீங்க அதை அலசியே எடுத்துட்டீங்களே!"

டாக்டர் உடனே போனைப் போடச் சொன்னார். என் கணவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுத்தார். டாக்டர் சொல்லச் சொல்ல, வாயைப் பிளந்து போனைக் கிட்டே கொண்டுவந்தார்.

டாக்டர் குழியைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற முகம்தான், ஆனால் எனக்காகச் சிரித்து வைத்துக்கொண்ட முகம். அன்றுதான் தாடியில் இருந்த நரை தெரிந்தது. கண் உள்ளே போயிருந்தது, அதில் தண்ணீர் கட்டி நின்றது. யா அல்லாஹ், இப்படி இளைத்துப் போயிருக்கிறாரே என்று அவர் முகத்தைத் தொடப்போனேன். விரல் சிவப்புப் பட்டனில் பட்டு போன் கட்டாகிவிட்டது.

டாக்டர் போனை வாங்கி அவரே மறுபடி போட்டார். "அண்ணே, இன்னைக்கே பல்லு எடுத்த இடத்துக்குப் போங்க. குழியைச் சுத்தம் பண்ணி மருந்து வைப்பாங்க. சிகரெட் கூடாது, ஸ்ட்ரா போட்டு ஜூஸ் கூடாது" என்றார். அவரும் அன்றே போனார். மருந்து வைத்ததும் வலி மட்டுப்பட்டது.

சில வாரத்தில் ஈறு மூடிக்கொண்டது. உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகுமாம். அதற்குள் ஊருக்கு வந்துவிடுவேன் என்றார், இன்னும் லீவு கிடைக்கவில்லை.

பக்கத்தில் இருந்திருந்தால் இத்தனை வைத்தியம் சொல்லியிருக்க மாட்டேன், கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு அவர் கண்ணயரும் வரை பேசாமல் உட்கார்ந்திருப்பேன். கடல் தாண்டி இருக்கிறவருக்கு என்னால் கொடுக்க முடிந்தது பேச்சு ஒன்றுதான், அதுவும் அவர் புண்ணைக் கிளறிவிட்டதே என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.