அண்ணன் பந்திக்கு வராத ஏழு மாதங்கள்

கர்த்தருக்குள் பிரியமான சொந்தங்களே, நண்பர்களே,

அண்ணன் நம்மை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, "பாப்பாதான் எழுதணும், அதுக்குத்தான் அவரப்பத்தி எல்லாம் தெரியும்" என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். அறுபது வயதிலும் இந்த வீட்டில் நான் பாப்பாதான். எல்லாம் தெரிந்தவள் என்பது மட்டும் உண்மையில்லை. தெரிந்துகொள்ளாமல் வீம்பு பிடித்தவள் நான். அதைத்தான் எழுதப் போகிறேன்.

மயிலாப்பூரில், நொச்சிக்குப்பத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் அண்ணன் பிறந்தார். பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். கிடைத்த வேலையெல்லாம் செய்து, பிறகு அடையாறு பணிமனையில் நடத்துனராகச் சேர்ந்தார். என்னை ஆசிரியை ஆக்கியது அந்தச் சம்பளம். முதல் டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபிப்பார். அதற்குள் பின்னால் நிற்பவர், "இன்னா கண்டக்டரே, காலைலயே தூக்கமா?" என்பார். அண்ணன் கண்ணைத் திறந்து, "மேல சொல்லிட்டு வந்தேன், நீ சில்லறைய எடு" என்பார். அவருடைய குரல் பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்கும்.

அந்தக் குரல்தான் என் மகன் கல்யாணத்தில் வினையாக வந்தது. அன்று ஆலயத்தில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாலி கட்டும் நேரம். நல்ல கோணம் வேண்டும் என்று வீடியோக்காரர் ஷூ காலோடு பீடத்தின் மேல் ஏறிப் போய், கேமரா பையைத் தூக்கித் திருவிருந்து மேசையின் மேலேயே வைத்துவிட்டார். முதல் பெஞ்சிலிருந்து அண்ணன் எழுந்தார். "யோவ்! எறங்குய்யா கீழ! இன்னா எடம்னு நெனச்சிக்கினு கீற?" ஆலயமே அதிர்ந்தது. பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டது. அந்த மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதற்குள் என் மகன் தாலி கட்டி முடித்துவிட்டான். ஆல்பத்தில் தாலி கட்டும் படம் கிடையாது. அண்ணனின் முதுகு மட்டும் பெரிதாக இருக்கிறது!

இன்று சிரிக்கிறேன். அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தியாகராய நகர் மண்டபத்தில், சம்பந்தி வீட்டார் முன்னாலேயே கேட்டுவிட்டேன்: "ஒனக்கு மட்டுந்தான் கடவுள் பயம் கீதா? எம்புள்ள கல்யாணத்த நாசம் பண்ணிட்டியேண்ணா!" அண்ணன் அடுத்த வாரம் வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "தூங்குறேன்னு சொல்லி அனுப்புங்க" என்று என் கணவரிடம் சொன்னேன். இன்னொரு முறையும் வந்தார். அப்போதும் நான் 'தூங்கினேன்'.

மாதத்தின் முதல் ஞாயிறு நம் சபையில் திருவிருந்து. முழங்கால் வலியோடும் அண்ணன்தான் முதல் ஆளாகப் போய் மண்டியிடுவார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எல்லோரும் போய் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கி வர, தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். பெண்கள் பக்கத்தில், "இன்னா பண்ணாரோ தெரியல, பந்திக்கே போறதில்ல" என்று காதைக் கடித்தார்கள். நானும் என்ன நினைத்தேன்? திமிர் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே முக்காடு போட்டுக்கொண்டு போய், மாதம் தவறாமல் வாங்கினேன்.

இப்படியே ஏழு மாதம். நடுவில் அண்ணனுக்கு வயிற்று வலி வந்தது. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கடைசிக் கட்டம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேள்விப்பட்டு அழுதேன். ஆனாலும் போகவில்லை. என் கணவர் கையில் ஹார்லிக்ஸ் கொடுத்து அனுப்பினேன். இதைவிடக் கேவலம் உண்டா?

ஏழாவது முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் ஆயர் என்னைத் தனியாக அழைத்தார். "நேத்து உங்க அண்ணனுக்குத் திருவிருந்து கொடுக்க வீட்டுக்குப் போனேம்மா. வேண்டாம்னுட்டார். 'தங்கச்சிக்கு எம்மேல மனஸ்தாபம் கீது ஐயா. அது தீராம நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு ஆண்டவர்கிட்ட கைய நீட்டுறது?'ன்னு கேக்குறார். நாள் அதிகம் இல்லம்மா."

அரை மணி நேரத்துக்கு முன்புதான் அதே ஆயரிடம் நான் கை நீட்டி வாங்கியிருந்தேன். ஆட்டோ பிடித்து நேராக மயிலாப்பூர் போனேன்.

கட்டிலில் பாதியாகக் கிடந்தார் அண்ணன். என்னைப் பார்த்ததும், "வா பாப்பா. சாப்டியா?" என்றார்.

நான் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். "வாசல் வரைக்கும் வந்தவன தொரத்தி வுட்டேனே! என்ன மன்னிச்சிடுண்ணா."

"ரெண்டு வாட்டி வந்தேன். ரெண்டு வாட்டியும் தூங்குதுன்னாரு மாப்ள. பகல் பதினோரு மணிக்கு இன்னாடி அப்டி ஒரு தூக்கம்?" என்று சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த ஆள எறக்கி வுட்டது சரிதான் பாப்பா. அதுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன். ஆனா ஆண்டவர் வூட்ல நின்னுக்கினு பஸ்ஸுல கத்துற மாரி கத்திட்டேன். கிட்ட போயி காதுல சொல்லிருக்கலாம். அவருக்கு மரியாத குடுக்கறேன்னு நானே மரியாத கெட்டுப் போனேன். ஒன் மனசும் நொந்துபோச்சி. அதுக்கு மன்னிச்சிடு."

அன்று மாலையே ஆயர் வந்தார். படுத்தபடியே வாங்கலாம் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். "அவரு முன்னாடி படுத்துக்கினா?" என்று கேட்டு, வெள்ளைச் சட்டை மாட்டச் சொன்னார். அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தோம். திராட்சை ரசத்தில் நனைத்த ஒரு துணுக்கு அப்பம்தான் அவருக்கு இறங்கியது. கன்னத்தில் கண்ணீர் வழிய, வாய் நிறையச் சிரித்தார். தேவபயம் என்றால் நடுங்குவது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் காலை, நிம்மதியாகக் கண் மூடினார்.

அண்ணனைக் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், வலி தெரியாமல் காத்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், முறை போட்டு ரத்தம் கொடுத்த பணிமனைத் தோழர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த சபைப் பெண்களுக்கும், என் காதில் உறைக்கும்படி சொன்ன ஆயருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று. நினைவு ஆராதனை நடக்கும் இந்த ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. நம் குடும்பத்தில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கிறீர்கள். பெயரை எழுத மாட்டேன். இரண்டு பேர் கையிலும் இப்போது இந்த மலர் இருக்கிறது. ஆராதனை எட்டு மணிக்கு. அதற்கு முன்னால் ஒரு போன் போட நேரம் இருக்கிறது.

அன்புடன்,
பாப்பா