கொழுந்து கிளார்க்கின் எம்.ஜி. கார்

கீர்த்திவாசனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை குன்னூர் மலையில் நான் வேறு பார்த்ததில்லை. கேலிக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கேலியும் உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு பாதி வழி வந்தவன் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போவான். காட்டெருமை நிற்கும் என்று வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்துவிடுவான். மேட்டுப்பாளையம் இறங்குவதென்றால் பஸ்ஸில் பள்ளத்துப் பக்கம் உட்காரவே மாட்டான். அப்படிப்பட்டவன் போயும் போயும் ஒரு பந்தயக் கார் மாதிரியான வண்டியை ஏன் கட்டிக்கொண்டு அழுதான் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் அவனுக்கு அடுத்த வீடு. பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறேன். அந்தக் காரின் சீட் உறையும் மேலே மூடுகிற துணிக் கூரையும் நான் தைத்தவை, அதனால் எனக்கும் அதில் ஒரு பங்கு இருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

கீர்த்திக்குப் பச்சைத் தேயிலை வாங்கும் ஃபேக்டரியில் கிளார்க் வேலை. எங்கள் பக்கத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். பறித்த கொழுந்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்து அவன் தராசில் போடுவார்கள். ஈரம் இருக்கிறது, முற்றின இலை கலந்திருக்கிறது என்று எடையில் ஒரு பங்கு கழித்துத்தான் எழுதுவான். கழிவு பிடிப்பது எல்லா ஃபேக்டரியிலும் உள்ள வழக்கம். எவ்வளவு பிடிப்பது என்று முடிவு செய்வது முதலாளி. ஆனால் ஆட்களின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியவன் கீர்த்தி.

தேயிலை நல்ல விலைக்குப் போன காலத்தில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தார்கள். அங்கே மாட்டுக் கொட்டகையில் கிடந்ததுதான் அந்தச் சிவப்பு எம்.ஜி. இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, வெள்ளைக்காரத் துரை யாரோ விட்டுப்போனது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பழைய இரும்பு விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். தகரத்தைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, உள்ளே முழுக்க மரச்சட்டம். அதைக் கரையான் மாவாக்கி வைத்திருந்தது. ஆசாரி ஒருவரைக் கூட்டி வந்து சட்டத்தைப் புதிதாக இழைத்தான். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் மரை நம் ஊர் போல்ட்டுக்குச் சேராது என்பதால், அருவங்காட்டில் லேத் ஓட்டும் சித்தப்பா மகனிடம் ஒவ்வொரு போல்ட்டாகக் கடைந்து வாங்கினான். அதில் கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு கேட்பான். பார்த்தால் டாக்டர் மாதிரியே இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் அவன் முகத்தில் பயம் இருக்காது. வண்டி ஓட ஆரம்பித்த பிறகோ, மாரியம்மன் கோயில் வளைவு வரைக்கும் போவான், திருப்பிக்கொண்டு வந்துவிடுவான். அதற்கு அப்பால் இறக்கம்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்குக் கூட இலை விலை கட்டவில்லை. முதலாளி கழிவை ஏற்றச் சொன்னார். கீர்த்தி ஏற்றினான். ஒரு மழைநாளில் கருப்பம்மா அக்காவின் மூட்டையில் பாதிக்குப் பாதி தண்ணீர் என்று எழுதினான். அரை ஏக்கருக்கும் குறைவான தோட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த மனுஷி. அவர் காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஆட்கள் கொழுந்தை ஃபேக்டரி வாசலிலேயே கொட்டிவிட்டுக் கத்தினார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற கீர்த்தியின் காதில் ஒரு குரல் விழுந்தது: "அந்தச் செவப்புக் கார் எங்கிருந்து வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? எல்லாம் நம்ம எலைல கழிச்சது."

கார் வாங்கியது விலை விழுவதற்கு எத்தனையோ முன்னால். அதை யாரிடம் போய்ச் சொல்வது? அன்றிலிருந்து காருக்குத் தார்பாய் போட்டு நாலு பக்கமும் கட்டினான். வெளியே காலடிச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு நிற்பான். ஃபேக்டரியும் மூடிவிட்டது. பேசாமல் எல்லோரிடமும் போய்க் கும்பிடு போட்டுவிட்டு வா என்று நானே திட்டியிருக்கிறேன். "அவங்க என்னை அடிச்சுப்போடுவாங்க அண்ணா" என்றான். அவன் மனைவி சசிரேகா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் பிரேக் மிதி தளர்ந்தது. பிரேக் எண்ணெய் வாங்கக் கோயமுத்தூர் போக வேண்டும். இந்த நிலைமையில் அவன் பஜாருக்கே வருவதில்லை. எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஃபேக்டரியில் ரோலர் மெஷினுக்கு ஊற்றுகிற எண்ணெயை எல்லோரும் ஒரு பாட்டிலில் கொண்டுபோய் வீட்டில் வைத்திருப்போம். கதவுக் கீல், பம்ப், என் தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் அதுதான். நல்ல எண்ணெய், ஒரு குறையும் சொல்ல முடியாது. அதையே கீர்த்தி பிரேக்குக்கும் ஊற்றிவிட்டான். மிதி கல் மாதிரி இறுகிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லிக் காட்டினான். நானும் மிதித்துப் பார்த்து சபாஷ் போட்டேன். பழைய வண்டியின் பிரேக் ரப்பர் அந்த எண்ணெயைக் குடித்தால் ஊதிக்கொள்ளும், ஊதிய ரப்பர் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

இலைக்கு விலை கேட்டு மலை முழுக்கக் கடையடைப்பும் மறியலும் நடந்த நாள் அது. பஸ் இல்லை, டாக்சி இல்லை. நானும் கடையைச் சாத்திவிட்டு ரோட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து விலகாத மஞ்சு மூட்டம். அந்த ஈரம் கீர்த்தியின் மகள் தாரிணிக்கு ஆகாது. மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, அவளுக்கு வீசிங். அன்றைக்கு மருந்து உறிஞ்சியும் அடங்கவில்லை. தோள் இரண்டும் தூக்கித் தூக்கி இறங்க, பேச முடியாமல் விரலால் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாளாம். உதடு நீலம் பூத்துவிட்டது. சசிரேகா தார்பாயின் கயிற்றை அரிவாள்மனையால் அறுத்துப் போட்டுவிட்டு, குழந்தையோடு காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நேர் ரோட்டில் போனால் மறியல். ஆட்களுக்கு நடுவில் அந்தச் சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு போக அவனுக்குத் துணிச்சல் இல்லை. எஸ்டேட் வழியாக ஒரு குறுக்கு ரோடு இருக்கிறது, டிராக்டர் போகிற செங்குத்து. அதில் இறங்கினான். ஓட்டத் தெரிந்த எவனும் செய்யாத காரியம்.

இதற்கு மேல் நடந்ததை அவனே பிற்பாடு என்னிடம் சொன்னான். முதல் வளைவிலேயே கருகல் வாசம் வந்தது. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. சக்கரம் உரசிக்கொண்டே உருண்டது. மஞ்சுக்குள் வண்டியின் மூக்குக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் குழந்தையின் மூச்சு விசில் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கிற வரைக்கும் பயமில்லை, நின்றுவிடுமோ என்பதுதான் பயம் என்றான். பாதி இறக்கத்தில், சூடேறிப்போய், மிதி திடீரென்று இளகித் தரை வரைக்கும் போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கருகிய பிரேக் லைனிங் பிடிக்கவில்லை. முதல் கியரைத் திணித்து, வண்டியை மலைப்பக்கத்து மண்ணில் உரசவிட்டு உரசவிட்டு இறக்கினான். சசிரேகா குழந்தையைப் பார்த்தபடி இருந்ததால், ரோடு மோசம் என்றுதான் நினைத்திருக்கிறாள். அவன் சொல்லவில்லை.

அந்தக் குறுக்கு ரோடு வந்து முடிகிற இடத்தில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு அது தெரியாது. மஞ்சைக் கிழித்துக்கொண்டு சிவப்பாக ஏதோ வந்து ஓரத்துக் கால்வாயில் சக்கரம் இறங்கி நின்றது. எல்லோரும் எழுந்து ஓடினோம். கீர்த்தி ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். வெட்டப் போகிற ஆடு கூட அப்படிப் பார்க்காது.

முதலில் காரை எட்டியது கருப்பம்மா அக்கா. குழந்தையைப் பார்த்தார். திரும்பி, வழி விடுங்கப்பா என்று ஒரே அதட்டல். மறியலுக்குக் குறுக்கே போட்டிருந்த மரத்தை இழுத்துப் போட்டார்கள், கற்களை உருட்டினார்கள். பத்துப் பேர் சேர்ந்து காரைக் கால்வாயிலிருந்து தூக்கி, குன்னூர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தோம். யாரும் இலையைப் பற்றியோ தராசைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை ஒருவர் எடுத்துவிட்டு, போங்க சார் என்றார்.

முன்னால் குன்னூர் வரைக்கும் வளைவு வளைவாக இறக்கம். ஒரு பக்கம் பள்ளம். கீர்த்தி எங்களைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். அத்தனை பேரும் அவன் போவதற்காக நின்றுகொண்டிருந்தார்கள். சசிரேகா, "போங்க, ஏனுங்க நிக்கறீங்க" என்றாள். அவன் வண்டியை எடுத்தான்.

வண்டி நகர்ந்தது. நான் கையாட்டினேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. ஒரு நாலடி போயிருக்கும். தாரிணி எட்டி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள் போலிருக்கிறது. சட்டென்று வண்டி திரும்பி மறுபடியும் மலைப்பக்கத்து மண்ணில் இடித்து நின்றது. கீர்த்தி இறங்காமலே கத்தினான்.

"பிரேக் இல்லைங்க. இந்த வண்டில பிரேக்கே இல்லைங்க."

கருப்பம்மா அக்கா கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கித் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஓடினார். மறியலுக்கு மைக் கட்டிக்கொண்டு வந்த காளிமுத்துவின் ஜீப் பின்னால் நின்றது. ஸ்பீக்கரைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் ஏறினோம். வழி நெடுக மறியல். ஒவ்வொரு இடத்திலும் அக்கா தலையை நீட்டிச் சத்தம் போட, வழி திறந்தது. குழந்தையின் விசில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பின்னால் தொற்றிக்கொண்டு நின்ற கீர்த்தி, "கேக்குதா அண்ணா, மூச்சு கேக்குதா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தான். எனக்குக் கேட்கவில்லை. கேட்கிறது என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் புகை மருந்து வைத்து, ஊசி போட்டு, வெகு நேரம் கழித்துத்தான் நர்ஸ் வெளியே வந்து தலையை ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றாள். கீர்த்தி வராந்தா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சசிரேகா உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

கருப்பம்மா அக்காதான் கேட்டார், கோபமாக இல்லை, விஷயம் புரிய வேண்டும் என்கிற மாதிரி.

"பிரேக் போனது எப்பத் தெரியுமுங்க?"

"எஸ்டேட் ரோட்டுலயே தெரியுமுங்க."

"அப்ப எங்க முன்னால ஏன் வண்டிய எடுத்தீங்க?"

கீர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எல்லாரும் போ போங்கறீங்க. இல்லைன்னு சொன்னா சிரிப்பீங்களோ, அடிப்பீங்களோன்னு பயமாப் போச்சுங்க."

"எங்களப் பார்த்தா?" என்றார் அக்கா. அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நாங்க உங்க தராசுகிட்ட வரதுக்கே பயந்துட்டு வருவோம். நீங்க எங்களப் பார்த்துப் பயந்தீங்களா?"

அதற்குள் சசிரேகா சுவரை விட்டு நகர்ந்து அவன் முன்னால் வந்து நின்றிருந்தாள். பிரேக் போன விஷயம் அவனுக்கு முன்பே தெரியும் என்பதை அப்போதுதான் அவள் கேட்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தைக்கு மூச்சு முட்டியபோது கூட அவளை நான் அப்படிப் பார்க்கவில்லை.

"மடியில புள்ளைய வெச்சுட்டு நான் உக்காந்திருந்தேன்" என்றாள். "அந்த நாலடி என்ன நெனச்சுட்டு ஓட்டுனீங்க?"

அவள் கருப்பம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையிடம் போனாள்.