அளவு தப்பாத கேஸ்கள்

என் கணவர் துப்பாக்கி சுடுகிறவர் என்றதும் புதிதாகப் பழகுகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். முப்பது வருடமாக அவர் சுட்டதெல்லாம் காகிதம்தான். கிளப்பில் இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் மாட்டியிருக்கும் வட்டம் போட்ட காகிதம். வீட்டில் பல்லி விழுந்தால் துடைப்பத்தை எடுக்க நான்தான் வர வேண்டும்.

சிங்காநல்லூரில் வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. பம்புசெட்டில் அச்சைத் தாங்கும் புஷ் என்ற வளையத்தைச் செய்து பீளமேட்டில் ஒரு கம்பெனிக்குக் கொடுப்பது பிழைப்பு. புஷ் எல்லாம் எப்போதோ சிஎன்சி மெஷினுக்கு மாறிவிட்டது. பட்டனை அமுக்கினால் போதும். ஓரத்தில் நிற்கும், கையால் அளவு வைத்துக் கடைகிற பழைய லேத் அவருடைய பிஸ்டலுக்காக மட்டும் ஓடும்.

அந்தப் பிஸ்டலுக்குத் தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பு. கிளப்பில் சிலர் அதே பருமனில் கொஞ்சம் நீளமான வேறு ரகத் தோட்டாவைச் சுடுவார்கள். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டைக் கேஸ் என்போம். அவற்றை ஒரு பையில் வாங்கி வருவார். லேத்தில் வைத்து நீளத்தைக் குறைத்து, வாயில் பிசிறு எடுத்தால் அது இவருடைய ரகமாகிவிடும். வெடிமருந்து நிரப்புவது கிளப்பில், அனுமதியோடு. எங்கள் பட்டறைக்கு வருவது வெறும் பித்தளை.

அவர் கடைவார், நான் அளப்பேன். கல்யாணமான புதிதிலேயே வந்த ஏற்பாடு இது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அதனால் கடைந்தவனே அளக்கக் கூடாது என்பார். நான் வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்து, தேறாததைத் தூக்கிப் போட்டு நாலு வார்த்தை திட்டவும் செய்வேன். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் தேறாது. அதற்கே அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடைந்து வைத்த ஐம்பது கேஸும் அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தன. முதலில் என் வெர்னியரைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு புரிந்தது. லேத்தில் நீளத்தை வைக்கும்போது அளவுக் கோட்டை மாற்றிப் படித்திருக்கிறார். அந்த வாரம்தான் கிளப் அணியிலிருந்து அவரை நீக்கியிருந்தார்கள். இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை. இதையும் சொன்னால் மனிதர் உடைந்துவிடுவார் என்று பயந்தேன்.

"எத்தன போச்சு அம்மணி?" என்றார்.

"ஒண்ணும் போகலீங்க. எல்லாஞ் சரியா இருக்குதுங்க."

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்காக நான் செய்ததுதான் எல்லாம்.

மறுநாள் அவர் புஷ் கொடுக்கப் பீளமேடு போனதும், பையிலிருந்து வேறு ஐம்பது கேஸ் எடுத்து, இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்த பழக்கத்தில் நானே லேத்தில் கடைந்து வைத்தேன். குட்டையானவை பித்தளைச் சுருளோடு சுருளாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அடுத்த முறையும் அப்படியே. வயசானால் வரும் வெள்ளெழுத்துதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி ஒரு வருடம் ஓடிவிட்டது.

அதற்குள் காகிதத்தில் அவருடைய குண்டுகள் தாறுமாறாக விழ ஆரம்பித்தன. ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க, கண்ணு டாக்டர்கிட்ட ஒரு எட்டுப் போயிட்டு வந்தரலாமுங்களா?"

"கண்ணு கெட்டிருந்தா மொதல்ல லேத்துலயில்ல தெரியும்? அம்பதுக்கு அம்பது தேறுது. பிஸ்டலு கைப்பிடிதான் சரியில்ல, வேற மாத்தோணும்."

அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை நாளாக ஏமாற்றினாய் என்று கேட்பாரே என்ற பயம். கைப்பிடியை மாற்றினார். ஒன்றும் மாறவில்லை.

பிறகு ஒரு காலையில், கண்ணுக்குள் கறுப்பாக நூல் நூலாக மிதக்கிறது என்றார். மறுநாள் என் முகத்தில் பாதி தெரியவில்லை என்றார். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பல வருடமாக இருந்த சர்க்கரை நோயால் விழித்திரையில் ரத்தம் கசிந்திருந்தது, இரண்டு கண்ணிலும்.

"ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா லேசர்லயே பெரும்பாலும் காப்பாத்தியிருக்கலாமுங்க. அப்பவே பார்வையில வித்தியாசம் எதுவும் தெரியலீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். போன மாசம் வரைக்கும் நான் கடைஞ்சதுல ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆகலீங்க. வேணும்னா இவளக் கேளுங்க. இவதான் செக்கிங். புருசனாச்சேன்னு தயவு தாட்சண்யம் பாக்கறவ இல்லீங்க."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "ஆமாங்க" என்றேன்.

ஊசி, ஆபரேஷன் எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது அவருக்கு வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிற்பது தெரிகிறது, யாரென்று தெரியாது. பிஸ்டலை முறைப்படி போலீஸில் ஒப்படைத்துவிட்டோம். அவர் கண் போனதற்குச் சர்க்கரை பாதிக் காரணம், நான் பாதி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கிளப்பிலிருந்து பழைய ஆட்கள் பார்க்க வந்தால், கையைப் பிடித்து உட்காரவைத்து, "குண்டு வேணும்னா தப்புச்சு போங்க, கடைசி வரைக்கும் கேஸ் ஒண்ணு தப்பல. அம்மணி சாட்சி" என்கிறார். அப்போது மட்டும் பழைய சிரிப்பு வருகிறது. அவரிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் எப்படிப் பிடுங்குவேன்?