ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கி

பள்ளங்கியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் காலைப் பேருந்து மூன்றாவது வளைவில் திரும்பும்போது, ஜன்னலோர இருக்கையிலிருந்து ஒரு கை கைபேசியோடு வெளியே நீளும். முருகேஸ்வரியின் கை. அவள் வீடு இருக்கும் சரிவுக்கு சிக்னல் எட்டாது. இந்த வளைவில்தான் அன்றைய முதல் செய்தி வந்து விழும். ப்ளஸ் டூ மதிப்பெண், கல்லூரியில் இடம், லாட்ஜ் வேலை எல்லாமே அவளுக்கு இங்கேதான் தெரியவந்தன. வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிவிட்ட நடத்துநர் திருமலைச்சாமி, மரக்கிளை வந்தால் முன்னமே குரல் கொடுத்துவிடுவார்.

"கைய உள்ள இழு ஆத்தா! இன்னைக்கு ஏதும் சிக்குச்சா?"

"ஒரு எழவும் சிக்கலண்ணே."

அவள் தேடுவது ஒரு படிப்பை. வேலையை விடாமல், தொலைதூரக் கல்வியில், எழுத்தை முறையாகச் சொல்லித்தரும் ஒரு முதுகலைப் படிப்பு. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். இரண்டாவது பட்டத்துக்கு அவள் ஆசைப்பட்டதை வீட்டில் யாரும் தடுக்கவில்லை. "எழுதத்தான் ஒண்ணாப்புலயே சொல்லிக் குடுத்துட்டாங்களே" என்று அப்பா ராஜமுருகன் உண்மையாகவே குழம்பிப்போனார். அவள் அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அதே கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள். எழுதத் தெரியாததாலா, எழுதலாம் என்று யாராவது பெரிய இடத்திலிருந்து சொல்ல வேண்டும் என்பதாலா? பதில் தெரியாதது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

கோபம் வந்தால் பூண்டு உரிப்பாள். அப்பா காட்டில் விளைந்தது கைப்பையில் எப்போதும் இருக்கும். லாட்ஜின் வரவேற்பு மேசைக்குக் கீழே, விருந்தினர் கண்ணில் படாமல், நகத்தால் கீறித் தோலைக் கிழிப்பாள். "ரிசப்ஷன்ல ரசம் வாசம் அடிக்குது முருகேஸ்வரி. டிபன் ரெடியான்னு கெஸ்ட் கேக்காங்க" என்பார் மேலாளர் பென்சன்.

இணையத்தில் விருந்தினர்கள் எழுதும் குறைகளுக்குப் பதில் எழுதுவதும் அவள் சோலிதான். பனி மூடி ஏரி தெரியவில்லை என்று ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்' என்று விரல் தட்டிக்கொண்டிருக்க, வாய் வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது: "பனிய நாங்களா அவுத்து விட்டோம்? வெயில் வேணும்னா ஒன் ஊருலயே கெடக்க வேண்டியதுதான." அந்தப் பக்கத்தில் உள்ள பணிவான சொல் ஒவ்வொன்றும் அவளுடையது. கீழே இருக்கும் பெயர் பென்சனுடையது.

படிப்புக்காக அவள் போன் போட்ட இடங்களில் எல்லாம் ஒரே குரல்தான் எடுப்பது போலிருக்கும்.

"எங்க கோர்ஸ் ரொம்ப ஃப்ளெக்சிபிள் மேடம். வேலைக்குப் போறவங்களுக்காகவே சனி, ஞாயிறு மட்டும்தான் கிளாஸ்."

"நான் கொடைக்கானல்ல லாட்ஜ்ல இருக்கேங்க. எங்களுக்குச் சனி, ஞாயிறுதான் வேலையே."

"அப்ப லீவு போட்டுக்கோங்க மேடம்."

"நீங்க எல்லாரும் லீவு போட்டு இங்க வாறதாலதாங்க எனக்கு லீவு இல்ல!"

அந்தப் பக்கம் மென்மையாக வைத்துவிடும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும், நேர்காணலுக்கு ஒருமுறை மதுரைக்கு வந்தால் போதும், வகுப்பு நேரம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த நாள் ஈஸ்டர் ஞாயிறு. முருகேஸ்வரிக்கு வார விடுமுறை செவ்வாய். ஞாயிறு விடுமுறை, விரிப்புத் துணிகளைப் பார்த்துக்கொள்ளும் அடைக்கலமேரிக்கு. கேட்கவே கூசியது. கேட்டாள்.

"ஆண்டவரு எந்திரிச்சிட்டாரு. நான் பூசைக்குப் போகலேன்னு திரும்பப் படுத்துக்கவா போறாரு? போயிட்டு வா. கவுண்டர நான் பாத்துக்கிறேன்."

"என் செவ்வாக்கெழமைய நீங்க எடுத்துக்கோங்கக்கா."

"செவ்வாக்கெழமைய வச்சு நான் என்ன செய்ய? எனக்கு ஞாயித்துக்கெழமதான் வேணும். கடன்னு வச்சுக்க."

மதுரையில் நேர்காணல் செய்தவர்களில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் அவளுடைய விண்ணப்பத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். "கொடைக்கானலா! மேகத்துக்குள்ள வாழுறீங்க. உங்களுக்கு எழுத்து தானா வருமே."

"மேகம் வந்தா எங்களுக்குத் துணி காயாதுங்க."

அந்தப் பதிலுக்காகவே இடம் கொடுத்தார்களோ என்று அவளுக்கு இன்னமும் சந்தேகம் உண்டு.

ஆகஸ்டில், சுதந்திர தினத்தை ஒட்டிய தொடர் விடுமுறையில், பென்சன் எல்லோருடைய வார விடுமுறையையும் நிறுத்தினார். அந்த ஞாயிறுதான் மாதா சப்பரம் ஊர்வலம் வரும் நாள். "ஒங்க துணியையும் சேத்து நான் பாக்கேன்க்கா, நீங்க சப்பரத்துக்குப் போங்க" என்று முருகேஸ்வரி வாக்குக் கொடுத்தாள். பென்சனும் தலையாட்டினார். அடைக்கலமேரி பச்சையில் புதுச்சேலை எடுத்தார்.

ஞாயிறு காலை, அதே வளைவில், செய்தி விழுந்தது. முதல் வகுப்பு இன்றே, இணையவழியில். தங்கள் வசதிக்காகவே விடுமுறை நாளில். முகம் திரையில் தெரிய வேண்டும். வராதவர் இடம் ரத்து.

"சிக்குச்சா?" என்றார் திருமலைச்சாமி. அவள் கைப்பையைத் திறந்தாள். வண்டி ஊர் போய்ச் சேருமுன் மடியெல்லாம் பூண்டுத்தோல்.

சொல்லிவிட்டு வெரசாகக் கிளம்பலாம் என்று பச்சைச் சேலையோடு லாட்ஜுக்கு வந்த அடைக்கலமேரி, அவள் முகத்தைப் பார்த்தே கைபேசியை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"அந்த வாத்தியானுக்கு ஞாயித்துக்கெழமைய விட்டா வேற நாளே கெடையாதா? அவனுக்குப் பொண்டாட்டி புள்ள, கோயில் கொளம் ஒண்ணும் இல்லையா?"

"நான் வேணாம்னு எழுதிப் போட்டுறேன்க்கா."

"எழுதுவ, எழுதுவ. அதுக்கும் மனமார வருந்துகிறோம்னு எழுதுவ. உள்ள போடி."

"அக்கா, அந்த ஞாயிறு..."

"கடன் கடன்தான். தள்ளுபடியெல்லாம் கெடையாது. போ."

வரவேற்பு மேசைக்குப் பின்னால், விரிப்புகள் அடுக்கிய சிறிய அறையில், கைபேசியைத் தலையணை உறைகளின் மேல் சாய்த்து வைத்துவிட்டு முருகேஸ்வரி உட்கார்ந்தாள். புதுச்சேலைக்கு மேலே லாட்ஜின் நீல மேலங்கியை மாட்டிக்கொண்டு அடைக்கலமேரி மேசையில் நின்றார். வகுப்பில் ஒவ்வொருவராகத் தாங்கள் எதைப் பற்றி எழுத விரும்புகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். முருகேஸ்வரியின் முறை வந்தபோது கீழ்த்தெருவில் மேளம் நெருங்கிவிட்டது. வெடி வெடித்தது. பாட்டு ஜன்னல் வழியாக அறைக்குள் கொட்டியது.

"முருகேஸ்வரி, நீங்க சொல்றது கேக்கல. அங்க ஒரே சத்தம். கொஞ்சம் பாருங்க."

அடைக்கலமேரி மேசையை விட்டு அறைக்குள் வந்தார். திரையில் தன் சேலை தெரியாதபடி சுவரோடு ஒட்டி நடந்து ஜன்னலை அடைந்தார். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைந்துகொண்டார். பிறகு இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தி, கொக்கியையும் மாட்டினார்.