செல்லத்தாயி அக்காவுக்கு வராத கோடி

செல்லத்தாயி அக்கா போய்விட்டாள் என்று ஆள் வந்து சொன்னபோது எனக்குப் பாதி முகம்தான் சவரமாகியிருந்தது. சோப்பைத் துடைத்துக்கொண்டு கோரிப்பாளையத்துக்கு ஓடினேன். “துக்கத்துக்குத் தாடி வைப்பாக. இவரு அரைத்தாடி வச்சிருக்காரு” என்று யாரோ முணுமுணுத்தார்கள். அக்கா இருந்திருந்தால் இதைவிட நன்றாகக் குத்தியிருப்பாள்.

அவளோடு ஊர் ஊராகக் கதர் விற்றவன் நான். மூட்டை எனக்கு, பேச்சு அவளுக்கு. ஒருமுறை திருவாதவூர் போகும் வழியில் மூட்டையோடு வாய்க்காலில் விழுந்து எழுந்தேன். ஊருக்குள் ஒரு சம்சாரி வீட்டுப் பெண் சேலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஆத்தி, இம்புட்டுக் கனமா? இதக் கட்டிக்கிட்டு எப்பிடி நாத்து நட?”

“கனம் சேலைக்கு இல்ல மதினி. இந்த மாப்ள வாய்க்காத் தண்ணியில பாதிய அதுல ஏத்திக் கொண்டாந்திருக்காரு. புழிஞ்சு வயலுக்கு விட்டுட்டுக் கட்டிக்க.”

அவள் சிரித்துச் சிரித்தே அந்தச் சேலையை வாங்கிக்கொண்டாள்.

அக்காவின் அண்ணனையும் உங்களில் பலருக்குத் தெரியும். அவனியாபுரத்துக்காரர். கதர் போட்டவனைப் போலீஸ் முறைத்த காலத்தில் தங்கை வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காதவர், கதருக்கு மாலை விழத் தொடங்கியதும் மேடைக்கு வந்துவிட்டார். அரிக்கிறது என்று ஜிப்பாவுக்குள்ளே மல் என்னும் மெல்லிய மில் துணியில் பனியன் தைத்துப் போட்டிருப்பார். “எங்கண்ணனுக்கு மேடைக்குக் கதரு, மேனிக்கு மல்லு” என்பாள் அக்கா.

ஆனாலும் அண்ணன் அண்ணன்தானே. எங்கள் பக்கத்தில் பெண் இறந்தால் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்தவேண்டும். அதுதான் கோடி. தன்மேல் மில் துணி விழக்கூடாது என்று அக்கா தானே நூற்று, தெரிந்த தறியில் கொடுத்து, ஒரு சேலை நெய்து வாங்கினாள். அரக்குக் கரை போட்ட சேலை. முறை தவறக்கூடாது என்று அதை அண்ணன் வீட்டிலேயே கொடுத்துவைத்தாள். நானும் கூட இருந்தேன்.

“அண்ணே, எங் கோடிய நானே நூத்துட்டேன். நீ கொண்டாந்து போத்துனாப் போதும். அதுக்கு முந்தி நீ போயிறாத.”

அவர் போகவில்லை. கொட்டுமேளத்தோடு வந்தார். தாம்பாளத்தில் மினுமினுவென்று, மில்லில் நெய்த ஒரு ஜப்பான் பட்டு.

“அண்ணே, அக்கா குடுத்த சேலை எங்கே?” என்றேன்.

“பரண்ல கெடக்கு மாப்ள. ஊரு பாக்குற எடம். கூடப் பொறந்தவளுக்குச் சாக்கப் போத்துனான்னு பேசமாட்டாகளா?”

“அக்கா கேட்டது அதைத்தானே?”

“அவ கேப்பா. நாளைக்கி நாந்தான தெருவுல நடக்கணும்?”

இதைச் சொன்னவர் இடுப்பிலும் தோளிலும் கதர். அக்காவின் கணவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார். கூடியிருந்த கதர்ச் சட்டைகளில் ஒன்றாவது வாய் திறந்ததா? “பட்டு நல்லா எடுப்பா இருக்கு” என்றது ஒன்று. உயிரோடு இருந்தவரை ஒரு முழம் மில் துணிகூட மேலே படவிடாதவளை, பேச முடியாத நாளில் பிடித்துப் போர்த்திவிட்டார்கள். அரைத்தாடி முகத்தோடு எவ்வளவோ கத்தினேன். கோமாளி கத்தினால் யாருக்குக் கேட்கும்?

சுடுகாட்டில் வழக்கப்படி மேலே கிடந்த துணிகளை உருவிப் போட்டார்கள். ஜப்பான் பட்டின் பெருமை தெரு முனையிலிருந்து அதுவரைதான். உள்ளே அவள் அன்றாடம் கட்டிய ஒட்டுப்போட்ட கதர் இருந்தது. அதோடு போனாள். அது மட்டும் எனக்கு ஆறுதல், கோபம் ஆறவில்லை.

கருமாதி முடிந்ததும் அவனியாபுரம் போய் அந்தச் சேலையைக் கேட்டேன். “கொண்டு போங்க மாப்ள, எலிதான் கடிக்கிது” என்று எடுத்துத் தந்தார் அண்ணன். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

அது இப்போது என் பெட்டியில் இருக்கிறது. யார் வீட்டிலும் கொடுத்துவைக்கப் போவதில்லை. என் காலம் வரும்போது அதைத்தான் என்மேல் போர்த்தவேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஆம்பிளைக்குச் சேலையா என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ஊர் பார்க்கிற இடம்தானே, நன்றாகப் பார்க்கட்டும்.