பாங்குக்கு நிறுத்திய அறிவித்தல்

பொலிஸ் சார்ஜன் காலிதீனுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. முப்பத்து மூன்று வருட உத்தியோகத்தில் அவர் ஒருவரையும் அடித்ததில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அடித்ததைவிட மொழிபெயர்த்தது அதிகம் என்றால் அது சரி. நிந்தவூரில் பிறந்து சிங்களத்தைத் தண்ணீர் பட்ட பாடாகக் கற்றுக்கொண்ட குற்றத்துக்கு, எந்த ஸ்டேஷனுக்கு மாற்றினாலும் அவரை ஒரு கதிரையில் இருத்தி, தமிழில் அழுகிறவர்களின் அழுகையைச் சிங்களத்தில் எழுத வைத்தார்கள். மாட்டுக் களவு, வேலிச் சண்டை, புருசன் பொஞ்சாதிப் பிணக்கு எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் புத்தகத்தில் ஏறும். வீட்டுக்கு வந்தால் மனிசன் வாயே திறக்க மாட்டார்.

"ஊருக்கெல்லாம் கதைக்கிற வாய், நமக்கு மட்டும் பூட்டு" என்று மனைவி சபியா உம்மா ஏசுவாள். அவளுக்கும் ஏசி ஏசி அலுத்துவிட்டது.

கடற்கரைப் பூங்காத் திறப்பு விழா அன்றும் அவரை அதற்காகத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். பூங்கா என்றால் பூவும் இல்லை, காவும் இல்லை. குந்துவதற்கு ஆறு சீமெந்து வாங்கு, ஒரு ஊஞ்சல், ஒரு பெயர்ப்பலகை. அதே கரையில் தோணி இழுத்து ஏற்றுகிற இடத்தைக் கடல் தின்று முடித்திருந்தது. கல் போட்டுத் தாருங்கள் என்று மீன்பிடிக்கிறவர்கள் மூன்று வருடமாகக் கடதாசி கொடுத்துக் களைத்திருந்தார்கள். கல் வரவில்லை, ஊஞ்சல் வந்தது. அவர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பிரதம விருந்தாளி நாடா வெட்டப் போகும் நேரம் அறுபது எழுபது பேர் கறுப்புக் கொடியோடு உள்ளே புகுந்தார்கள். சும்மா சத்தம் போட்டுவிட்டுப் போகவும் இல்லை. மைக் வயரை இழுத்து அறுத்தார்கள். கதிரைகளைத் தூக்கி எறிந்தார்கள். ஒருவன் அழுகிய மீன் ஒரு கூடையைக் கொண்டுவந்து சிவப்புக் கம்பளத்தில் கொட்டினான். விருந்தாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வாகனத்துக்கு ஓடினார். முன்னுக்கு நின்று கத்தியவன் நிப்றாஸ். அவனை காலிதீனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்; அண்ணன் என்ற உரிமையில் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

வெளி மாவட்டத்திலிருந்து கலகம் அடக்கும் ஆட்களோடு வந்திருந்த பெரிய அதிகாரி, கை ஒலிபெருக்கியை காலிதீனிடம் நீட்டினார். இரண்டு நிமிடத்தில் கலைய வேண்டும், இல்லாவிட்டால் பலம் பிரயோகிக்கப்படும், மூன்று தரம் சொல்லு என்றார். காலிதீன் வாயில் வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. உங்களுக்கு ரெண்டு நிமிசம்..."

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியது.

இந்தக் கரையில் பாங்கு சொன்னால் ஹோட்டல் ரேடியோ நிற்கும், கலியாண வீட்டுப் பாட்டு நிற்கும், தேர்தல் மேடையில் வாய் கிழியப் பேசுகிறவனும் மைக்கை மூடிவிட்டுத் தலையைக் குனிவான். காலிதீனின் பெருவிரலுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அது தானாகவே பொத்தானை அணைத்தது. ஒலிபெருக்கி கீழே இறங்கியது. பாங்கு முடியட்டும், மிச்சத்தைச் சொல்லுவோம் என்று நின்றார்.

கத்திக்கொண்டிருந்தவர்களும் அப்படியே அடங்கினார்கள். தூக்கிய கதிரையை ஒருவன் மெல்லக் கீழே வைத்தான். களைத்துப் போயிருந்தவர்கள், நிப்றாஸும் கூடத்தான், மணலில் குந்திவிட்டார்கள்.

அதிகாரிக்குத் தமிழும் தெரியாது, பாங்குக்கு மைக் நிற்கும் என்ற வழக்கமும் தெரியாது. ஒலிபெருக்கி இறங்கியதால் சொல்ல வேண்டியது சொல்லியாயிற்று என்று நினைத்தார். இவர்கள் குந்தியதைப் பார்த்து, கலைய மாட்டோம் என்று அடம்பிடிக்கிறார்கள் என்று நினைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். பாங்கு முடியவில்லை, இரண்டு நிமிடம் முடிந்தது. கையை உயர்த்தினார்.

"சேர்! சேர்! நில்லுங்க!" என்று காலிதீன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. குந்தியிருந்த ஆட்களின் முதுகிலும் தலையிலும் பொல்லு விழுந்தது. நிப்றாஸ் தலைக்கு மேலே கையை வைத்துத் தடுத்தான். எலும்பு முறிந்த சத்தம் காலிதீனுக்குக் கேட்டது. அவனை ஓட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அவர்தான், உடுத்திருந்த சீருடையோடேயே.

அன்று பின்னேரம் ஸ்டேஷனில் ஒரு கடதாசியை முன்னால் வைத்தார்கள். 'தமிழில் மூன்று தரம் எச்சரிக்கப்பட்டது.' கையெழுத்து வைத்தார். பயத்தில் வைத்தாரா, களைப்பில் வைத்தாரா என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. அந்தக் கடதாசியை வைத்துத்தான் நிப்றாஸின் மேல் வழக்குப் போட்டார்கள்: எச்சரித்தும் கலையவில்லை, கடமைக்கு இடையூறு செய்தான்.

பொல்லடியை விசாரிக்கக் குழு ஒன்று வருகிறது என்று மூன்று மாதத்துக்குப் பிறகு கடிதம் வந்தது. காலிதீன் சாட்சி. சபியா உம்மா கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இஞ்சாருங்க, வெச்ச கையெழுத்து வெச்சதாவே இரிக்கட்டும். பாங்குக்கு நிப்பாட்டின எண்டு மட்டும் சொல்லிராதீங்க. இந்த முஸ்லிம் ஆக்களுக்கு உத்தியோகத்த விட மார்க்கம்தான் பெரிசு எண்டு கதைப்பானுகள். உங்களோட முடியிற கதையா அது? நாளைக்குப் பொலிசுக்குப் போற நம்மட புள்ளைகளுக்கும் சேத்துத்தான் அடி."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மகள் முஸ்பிறாவுக்குக் கலியாணம் பேசியாயிற்று. அவளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டிய வீடு சுவர் மட்டத்தில் நின்றது. கூரை ஏறுவது பென்சன் பணத்தில்தான் என்று ஊருக்கே தெரியும். கடமை தவறினார் என்று எழுதினால் அந்தப் பென்சன் எப்போது வரும், வருமா?

விசாரணை நாள் வெளியே வாங்கில் நிப்றாஸ் குந்தியிருந்தான். மெலிந்து போயிருந்தான். வலது கை மடிந்த மாதிரியே நின்றது. வலை இழுக்க இனி அந்தக் கை உதவாது.

"நானா, எங்கட லோயர் சொல்லச் சொன்னது வேற. நான் சொல்லப் போறது வேற. நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க. முஸ்பிறாட வீட்டுக்கு ஓடு போடுற வழியப் பாருங்க" என்றான்.

காலிதீன் அவன் பக்கம் குனிந்தார். என்னடா சொல்லப் போகிறாய் என்று கேட்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், இருவரையும் சேர்த்து. மொழிபெயர்ப்பாளர் வரவில்லையாம். சாட்சியே மொழிபெயர்க்கட்டுமாம். அழகான விசாரணை!

எச்சரிக்கை கேட்டதா என்று சிங்களத்தில் கேட்டார்கள். காலிதீன் அதை நிப்றாஸிடம் தமிழில் கேட்டார்.

"கேட்ட. நானா மூணு தரம் சொன்னாரு. நாங்கதான் எழும்பல்ல. பிழை எங்கடதான்."

அட பாவி! உன்னை யாரடா கேட்டது? காலிதீனுக்கு அவன் கன்னத்தில் ஒன்று போட வேண்டும் போலிருந்தது, கட்டிப் பிடிக்கவும் வேண்டும் போலிருந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனையோ பேரின் பொய்யை உப்புப் புளி சேர்க்காமல் அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டவர். இது அவருக்காகச் சொன்ன பொய். அவர் வாயாலேயே இதையும் சொல்ல வேண்டும். சொன்னால், பாங்குக்கு அடங்கிக் குந்திய மனிசன் சட்டத்துக்கு அடங்காதவன் ஆகிவிடுவான்.

அவன் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் சொன்னார். அதோடு நிற்கவில்லை. பெருவிரலைச் சொன்னார், பாங்கைச் சொன்னார், ஒரு தரம் கூடச் சொல்லி முடிக்காததைச் சொன்னார், கையெழுத்தையும் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சார்ஜன், இது இவருடைய வாக்குமூலமா, உங்களுடையதா?"

"என்னுடையது சேர். வேறு தாளில் எழுதுங்கள்."

நிப்றாஸ் அவர் முகத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மீன் விலைக்கு மேலே சிங்களம் தெரியாதவன்.

"என்ன நானா, இவ்வளவு நீளமாக் கதைக்கீங்க? நான் நாலு சொல்லுதானே சொன்ன?"

"நீ சொன்ன நாலு சொல்லுதான்டா" என்றார் காலிதீன். "மிச்சம், அண்டைக்கு நான் சொல்லாம விட்டது."