குழாயோடு கழன்ற எர்த்

எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயை மாற்ற வெளியாளைக் கூப்பிட மாட்டேன் என்று வீம்பு பிடித்தவன் நான்தான். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் எனக்கு மெயின்டனன்ஸ் வேலை. நாள் முழுக்கக் காற்றுக் குழாய், எண்ணெய்க் குழாய் என்று மல்லுக்கட்டுகிறவன் சொந்த வீட்டுக் குழாய்க்கு ஆள் வைத்தால் ஊர் சிரிக்காதா?

வடக்குப்பட்டில் அப்பா கட்டிய வீடு. போர்வெல்லிலிருந்து மாடித் தொட்டிக்கும், அங்கிருந்து கீழேயும் இரும்புக் குழாய்தான். உள்ளே துரு அடைத்து, தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் சொட்டும். "உங்க கம்பெனி சட்டைய ஊற வெச்சா செம்மண்ணுல பொரட்டுன மாதிரி ஆவுது. எப்பதாங்க மாத்தப் போறீங்க?" என்று மனைவி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் குழாய், எல்போ, பசை எல்லாம் வாங்கி வந்து வேலையில் இறங்கினேன். துணி துவைக்கும் இடத்தில், பழைய குழாயைச் சுற்றி ஒரு கிளாம்ப் இருந்தது. அதில் ஒரு பச்சை ஒயர். அந்தக் காலத்து எலக்ட்ரீஷியன், தனியாகக் குழி வெட்டச் சோம்பல்பட்டு, வீட்டு எர்த்தைக் குழாயிலேயே கட்டிவிட்டுப் போயிருந்தார். வாஷிங் மெஷினில் எங்காவது கரண்ட் கசிந்தால், அந்த ஒயர் வழியாகக் குழாய்க்கு வந்து மண்ணில் இறங்கிவிடும். பிளாஸ்டிக் குழாயில் அது இறங்காது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கம்பெனியில் ஒரு குழாயைக் கழற்ற வேண்டுமென்றால் பெர்மிட் எழுதி, எலக்ட்ரிகல் ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதை வகுப்பெடுப்பதே நான்தான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்! வீட்டில் யார் பெர்மிட் கேட்கப் போகிறார்கள்? ஒயரைக் கத்தரித்துச் சுவரோரம் சுருட்டி விட்டேன். அடுத்த ஞாயிறு குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, முறையாக எர்த் இறக்கிவிடலாம் என்று நினைப்பு.

சாயங்காலம் குழாயைத் திறந்தபோது பளிங்கு மாதிரித் தண்ணீர் கொட்டியது. "பரவால்லியே, உங்க கையிலயும் வேல கீது!" என்று மனைவி சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு கம்பெனியில் ஓவர்டைம், ஓ.டி. அதற்கடுத்த ஞாயிறும் ஓ.டி. பிறகு ஒயர் ஞாபகமே வரவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் 'ஐயோ' என்று அலறல். ஓடிப் பார்த்தால், மெஷினிலிருந்து துணி எடுக்கப் போன மனைவியைக் கரண்ட் உதறித் தள்ளியிருந்தது. துவைக்கிற கல்லில் நெற்றி இடித்து ரத்தம். மெயினை அணைத்துவிட்டு அவளைத் தூக்கினேன். பயத்தில் என் வாயில் வந்தது இதுதான்: "அறிவு கீதா உனக்கு? ஈரக் கையோட தொடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது!"

சொல்லி முடித்த பிறகுதான் சுவரோரம் கிடந்த பச்சை ஒயர் கண்ணில் பட்டது.

"ஆமாங்க, என் மேலதான் தப்பு" என்றாள் அவள்.

துண்டால் அவள் நெற்றியைக் கட்டி வண்டியில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் நெற்றிக்கு மூன்று தையல் போட்டவர்களிடமும் ஈரக் கையால் தொட்டுவிட்டேன் என்றே சொன்னாள். பக்கத்தில் மண்ணாந்தை மாதிரி நின்றிருந்தேன். மறுநாள் லீவு போட்டு எர்த் குழி வெட்டினேன். "இன்னாத்துக்குக் குழி?" என்று படுத்தபடியே கேட்டாள். "சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்றேன். மெஷினையும் சரிபார்த்தாயிற்று. ஆனால் அன்றிலிருந்து அவள் முந்தானையில் மூன்று தரம் கையைத் துடைத்து, ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டுதான் மெஷின் பக்கம் போவாள். அந்த நேரத்தில் நான் அங்கே நிற்க மாட்டேன்.

வருஷம் இரண்டு ஓடிவிட்டது. போன மாதம், ஆறாவது படிக்கிற எங்கள் மகள் கை கழுவிவிட்டு அப்படியே போய் மெஷின் சுவிட்சைத் தொட்டாள். மனைவி பளாரென்று ஒரு அறை விட்டாள். பிள்ளையை அதுவரை அடித்ததே இல்லை.

"உங்கப்பா படிச்சிப் படிச்சிச் சொல்லியும் கேக்காமதான் நானு சாவப் போனேன். நீயும் அப்பிடியே பண்ணுவியா?"

பிள்ளையின் கன்னம் சிவந்திருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அவள அடிக்காத. அன்னிக்குக் கரண்ட் அடிச்சது ஈரக் கையால இல்ல. எர்த் ஒயர வெட்டி வுட்டது நான்தான்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மகளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"வேலைன்னா மறக்கறதுதான், அத வுடுங்க. என் மேலதான் தப்புன்னு ரத்தத்தோட நான் சொன்னேனே. அப்ப ஏன் சும்மா நின்னீங்க?"

"பயந்துட்டேன்" என்றேன்.

"நானுந்தான் பயந்துகினு கீறேன். இந்த ரெண்டு வருஷமா, தெனமும்" என்றாள்.